வெளியில்லாத ஊர்

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் பட்டினப்பாலை நடத்திக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த பண்டங்களைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசைப்படுத்தும் இடம் அது. கடல்வழி வந்த குதிரைகள், தரைவழி வந்த மிளகுப் பொதிகள், வடமலைப் பொன், மேற்குமலைச் சந்தனம், தென்கடல் முத்து, கங்கைச் சமவெளியின் வளம், ஈழத்து உணவு என்று நான் விளக்கிக்கொண்டே சென்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அயல்நாட்டுத் திரைப்படங்களில் ஒரு கோள் முழுவதையும் ஒரே நகரமாகக் காட்டுகிறார்களே, அப்படி ஒன்று உண்மையில் இயலுமா, அங்கு வாழும் மக்களுக்கு இத்தனை பண்டங்களும் எங்கிருந்து வரும் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. மணி அடித்துவிட்டமையால் நான் விடை கூறவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது அந்தக் கடனை இங்கே தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

தமிழ் விரிவுரையாளருக்கு இதில் என்ன வேலை என்று அறிவியல் துறை நண்பர்கள் வினவக்கூடும். நியாயமே. ஆயினும் அம்மாணவரின் வினா வானத்துக் கோள் எதனையும் பற்றியதன்று என்பது என் துணிபு. வாலாஜாபேட்டையில் பேருந்து ஏறி இராணிப்பேட்டை, ஆற்காடு, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி செல்பவர், ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைச் சன்னலோரம் அமர்ந்தும் சொல்ல இயலாத நிலை வந்துகொண்டிருக்கிறது. அரசினர் 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தனர். வீடுகளும் கடைகளும் தோல் தொழிற்சாலைகளுமோ ஊர்களை ஒன்றாக இணைத்துக்கொண்டே வருகின்றன.

இவ்விணைப்பை முன்னரே கண்டு அதற்குப் பெயரும் இட்டவர் கிரேக்கக் கட்டடக் கலைஞர் டாக்சியாடிஸ். பாகிஸ்தானின் தலைநகராகிய இஸ்லாமாபாத்தை வடிவமைத்தவர் அவரே. பெருஞ்சாலைகளின் வழியே நகரங்கள் ஒன்றோடொன்று கலந்து, இறுதியில் உலகமே ஒரு நகரமாகும் என்று கருதிய அவர், 1967-இல் அதற்கு ‘எக்குமனோபொலிஸ்’ என்று பெயரிட்டார். அவர்கூட நிலம் முழுவதையும் கட்டடத்தால் மூடச் சொல்லவில்லை. பெரும்பகுதியை இயற்கைக்கும் வேளாண்மைக்கும் ஒதுக்கியே தம் திட்டத்தை வரைந்தார். முழுவதையும் மூடியவர்கள் கதாசிரியர்களே. ஐசக் அசிமோவின் ‘பவுண்டேஷன்’ நூலில் (1951) டிரான்டார் என்றொரு கோள் வருகிறது. 4,000 கோடிக்கு மேற்பட்ட மக்கள். கோள் முழுவதும் கட்டடம். உணவு எங்கிருந்து வருகிறது? 20 வேளாண் உலகங்களிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. அசிமோவ் கற்பனையாளரேனும் கணக்கு அறிந்தவர். ஒரு நகருக்குச் சோறிட 20 உலகங்கள் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு ஓர் உலகமே உண்டு. ஆதலின் கணக்கைச் சற்றே போட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 26,500 பேர் வாழ்ந்தனர். உலகின் நிலப்பரப்பு ஏறத்தாழ 15 கோடி சதுர கிலோமீட்டர். பாலையும் பனிப்பாறையும் உட்பட அனைத்தையும் சென்னையாக்கினால் 4 இலட்சம் கோடி மக்கள் குடியேறலாம். இன்றைய உலக மக்கள்தொகை ஏறத்தாழ 820 கோடி. அந்நகரில் ஒருவர் பங்குக்கு வரும் நிலம் 400 சதுர அடி. வேலூரில் ஒரு சிறு வாடகை வீட்டின் அளவு. இன்று ஒரு மனிதரின் உணவுக்காக உலகில் பயிராகும் நிலமோ சராசரியாக அரை ஏக்கர், அதாவது ஏறத்தாழ 21,780 சதுர அடி. கூரைகள் அனைத்தையும் வயலாக்கினாலும் இன்றைய விளைச்சலில் ஐம்பதில் ஒருவருக்கே சோறு கிடைக்கும்; எஞ்சிய நாற்பத்தொன்பது பேர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

ஆலையில் உணவைச் செய்யலாமே, விளக்கொளியில் பயிர் வளர்க்கலாமே என்பர். அதற்கு வேண்டிய ஆற்றலை எங்கிருந்தோ பெற்றுவிட்டோம் என்றே கொள்வோம். செலவிடும் ஆற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறுகிறது. இன்றைய உலக மனிதர் ஒருவர் சராசரியாகச் செலவிடும் அளவையே அந்த 4 இலட்சம் கோடிப் பேரும் செலவிட்டால், கதிரவனிடமிருந்து பூமி உள்வாங்கும் ஆற்றலில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு நிகரான வெப்பம் புதிதாகச் சேரும் என்று எங்கள் இயற்பியல் துறை நண்பர் ஒருவர் தாளில் போட்டுக் காட்டினார். வேலூரின் சித்திரை வெயிலை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

ஆகவே இயலாது என்று ஒரு சொல்லில் விடை கூறிக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அசிமோவின் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. டிரான்டாருக்கு உணவு கொணரும் கப்பல்களின் எண்ணிக்கை நம் மனத்தில் நிற்கிறது. அந்நகரின் கழிவு எங்கே போயிற்று என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு எழுந்தது? உலகமே நகரமாகிவிட்டால் ‘ஊருக்கு வெளியே’ என்று ஓரிடம் இருக்காது. நகரம் என்ற ஒன்று இந்நாள்வரை வாழ்ந்து வந்திருப்பது அந்த ‘வெளி’யின் தயவில்தான். உண்பதை வெளியிலிருந்து வாங்குகிறது. உமிழ்வதை வெளியே தள்ளுகிறது. உருத்திரங்கண்ணனாரும் பட்டினத்துக்குள் உடனே நுழைந்துவிடவில்லை. முதலில் காவிரியைப் பாடுகிறார். பின்னர் சோணாட்டின் விளைவயல்களைப் பாடுகிறார். அவற்றைக் கடந்த பிறகே கடைவீதிக்கு வருகிறார். நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்தனர். நகரத்துக்கெனத் தனித்திணை வகுக்கவில்லை. மருதத்தின் மடியிலோ நெய்தலின் கரையிலோ தான் அது அமர்ந்திருந்தது. தனக்கென நிலம் இல்லாத திணை ஒன்றுண்டு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் தோன்றுவது என்று சிலப்பதிகாரம் அதற்கு இலக்கணம் கூறுகிறது. அது பாலை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பாலாறு கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைத் தொட்டு, நம் மாநிலத்தில் 222 கிலோமீட்டர் பாய்ந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறன்று அது. அதன் செல்வம் மணலுக்கு அடியில் இருந்தது. கோடையில் மணலைக் கையால் அகழ்ந்தாலே ஊற்று சுரக்கும் என்பதைச் சேக்கிழாரே திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஊற்றுநீரைக் கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுசென்ற ஊற்றுக்கால்கள் பல இவ்வட்டாரத்தில் இருந்தன. என் பாட்டனார் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதியவர். அவர் வீட்டுக் கிணற்றில் இறைத்த நீரை ஊற வைத்த அரிசிக்கும் ஊற்றினோம், உளூச் செய்யவும் எடுத்தோம், விருந்தினர்க்கும் கொடுத்தோம். ஒரே நீர்; தனித்தனிக் குடம் இல்லை. இன்று நம் வீடுகளில் குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, புழங்க ஒன்று என மூன்று வகை நீர் உண்டு. இது முன்னேற்றம் எனப் பிள்ளைகள் நினைக்கின்றனர்.

தோல் பதனிடுதல் இங்கு நேற்று வந்த தொழிலன்று. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் நாற்றம் இருந்தது, கழிவு இருந்தது. ஆயினும் ஆறு அதனைத் தாங்கிற்று. 1970-களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை நடுவணரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகிற்று. குரோமியம் கொண்டு பதனிடும் முறை எங்கும் பரவிற்று. தொலைவிலிருந்து வரும் தோல் கெடாதிருக்க உப்பிட்டே அனுப்புவர். அவ்வுப்பைக் கழுவித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசினோம். சோற்றில் இடுகின்ற அந்த எளிய உப்பே நம் கிணறுகளை முதலில் கொன்றது என்பதை மெல்லத்தான் உணர்ந்தோம். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் நீர் வேண்டும் என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே காணப்படும் கணக்கு. அந்த 35 லிட்டரும் உப்போடும் வேதிப்பொருளோடும் ‘வெளியே’ போயிற்று. நமக்கு வெளி என்பது பாலாறு.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்ற ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசு செய்தவரே அதன் விலையைத் தரவேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி எனத் தெளிவுற அறிவித்த இத்தீர்ப்பு இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. நம் ஊரின் பெயர் இப்படியும் புகழ் பெற்றது. பின்னர் அமைக்கப்பட்ட ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேரை இழப்பீட்டுக்கு உரியவராகக் கண்டது. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் இவ்வழக்கில் மீண்டும் தீர்ப்பு வழங்கி, சேதம் நீங்கும்வரை மாசு செய்தவரின் பொறுப்பும் நீங்காது என்று உரைத்தது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே ஒரு தலைமுறை பிறந்து, படித்து, மணமுடித்து, ஊரை விட்டும் போய்விட்டது.

முதல் தீர்ப்பின் நெருக்குதலால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பின்னர் கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடலாகாது என்ற விதி வந்தது. சவ்வுகளின் வழியே செலுத்தி நீரைத் தெளியவைத்து மீண்டும் பயன்படுத்துகின்றனர். இது பெரிய செயல். தொழிலதிபர்கள் செலவிட்ட பணமும் சிறிதன்று. ஆனால் நீரைப் பிரித்த பின் உப்பு என்ன ஆகும்? பல பொருள்கள் கலந்த அவ்வுப்பை உணவுக்கும் கொள்ள முடியாது, ஆற்றிலும் விட முடியாது, மண்ணிலும் புதைக்க முடியாது. நிலைய வளாகங்களில் குவிந்து கிடக்கிறது. கோள்முழு நகரம் இயலுமா என்று கேட்ட அந்த மாணவரை நான் அழைத்துச் சென்று காட்ட விரும்புவது அவ்வுப்புக் குவியலைத்தான். வெளி என்ற ஒன்றை நம்மிடமிருந்து பறித்துவிட்டால் என்ன எஞ்சும் என்பதற்கு இதனினும் நேர்ச்சான்று கிடையாது. கழிவைத் தேக்கி வைப்பதும் விளையாட்டன்று. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட 10 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உழைப்பையும் நாம் வெளியிலிருந்தே வாங்குகிறோம்.

குடிநீரையும் அப்படியே. பாலாற்றங்கரை மக்கள் இன்று மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாய் வழியே வரும் காவிரியைக் குடிக்கின்றனர். 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, நமக்கென வந்த அக்காவிரி நீரிலிருந்தே பங்கெடுத்து, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டரை இரயிலில் சென்னைக்கு அனுப்பினர். அந்த இரயில் ஆம்பூரையும் குடியாத்தத்தையும் காட்பாடியையும் கடந்து சென்றது. ஆற்றை இழந்த ஊருக்குக் கடன் வாங்கிய நீர். அதிலிருந்து ஏரியை இழந்த நகருக்கு மறு கடன். அன்றாடம் 50 கோடி லிட்டருக்கு மேல் பெற்றுவந்த அந்நகருக்கு அவ்வளவு பெரிய இரயில் கொண்டுசென்றது இருநூறில் ஒரு பங்கு. செய்தித்தாளில் மலர்தூவி வரவேற்ற படம் வந்தது. எனக்கு டிரான்டாரின் கப்பல்கள் நினைவுக்கு வந்தன.

இடையே ஒரு சொல். ஆம்பூர்ப் பிரியாணியில் ஆம்பூர் எவ்வளவு என்று ஒருநாள் வீட்டில் கணக்குப் பார்த்தோம். சீரகச் சம்பா வெளியூர், வெங்காயம் வெளி மாநிலம், எண்ணெய் சில வேளை கடல் கடந்தது, தண்ணீர் காவிரி. உடன் வைக்கும் கத்தரிக்காய்ப் பச்சடியில் மட்டும் இலவம்பாடி முள்கத்தரி இருக்குமாயின் அது நம் மாவட்டத்தது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. சமைத்த கையும் நம்முடையது என்று வீட்டார் சினத்தோடு சேர்த்துக்கொண்டனர்.

பெரியோர் சிலர் என்னிடம் வருந்திக் கூறுவதுண்டு. ‘தோல் தொழில் இல்லையெனில் இப்பகுதியில் கல்லூரி ஏது, பள்ளி ஏது, உன் சம்பளம் ஏது?’ என்பர். மறுக்க இயலாத வாதம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றியதும், மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் தோன்றியதும் தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைச் சமுதாயம் கல்விக்கு வழங்கியதன் பயனே. நானும் அந்த நிழலில் வளர்ந்த பிள்ளைதான். காலணித் தொழிற்கூடங்களில் வேலைக்குச் சென்று தங்கையரைப் படிக்கவைத்த பெண்கள் என் வகுப்பு மாணவியரின் தமக்கையர். ஆற்றை அழித்தவர் தோல் தொழிலார் மட்டுமே அல்லர் என்பதும் உண்மை. மணலை அள்ளியோர் யார்? நகராட்சிகளின் சாக்கடை எங்கே விழுகிறது? 1892 ஒப்பந்தத்தைக் காட்டி மேல்மாநிலங்களோடு வழக்காடும் நாம், நம் எல்லைக்குள் அந்த ஆற்றை எப்படி வைத்திருந்தோம்? இவையனைத்தையும் ஒப்புக்கொண்ட பின்னும், கல்வி கொடுத்த கை கிணற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. அக்கிணற்றடியில் நின்றவர் பலர் நம் சமுதாயத்தவர் அல்லர். நிலத்தை மட்டுமே நம்பியிருந்த அண்டை வீட்டார்.

அல்லாமா இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் நகரம் அமைப்பதற்குரிய இலக்கணம் கூறுகிறார். நீர் அருகில் இருத்தல் வேண்டும். மேய்ச்சல் நிலம், விளைநிலம், விறகு ஆகியவை எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும் என்பார். கூஃபா, பஸ்ரா, கைரவான் ஆகிய நகரங்களை நிறுவியோர் தம் ஒட்டகங்களின் மேய்ச்சலையும் பாலைவன வழியின் அண்மையையும் மட்டுமே கருதி ஏனையவற்றைக் கருதாமையால் அந்நகரங்கள் விரைவில் சீர்குலைந்தன என்று அவர் அஞ்சாது எழுதுகிறார். நிறுவியோர் சமயத்தின் தொடக்க காலத்துப் பெருமக்கள் என்பதனால் அவர் பேனா தயங்கவில்லை. நம்மவர் குறையை நம்மவரே எழுதும் அத்துணிவை இக்கட்டுரைக்கு நான் அவரிடமிருந்தே கடன் பெற்றேன்.

2007 அளவில் உலக மக்களில் பாதிப்பேர் நகரவாசிகள் ஆயினர் என்கிறது ஐ.நா. அவை. தமிழகத்தில் 2011-இலேயே நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். ஆகவே நகரத்தை வெறுத்துப் பயனில்லை. நானே நகரத்தில் குடியிருந்துகொண்டு வெறுப்பது நாடகமாகும். நான் வேண்டுவது ஒன்றே. ஒவ்வோர் ஊரும் தன் வெளி எது, அது இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வளர வேண்டும். உப்பிடாமல் குளிர்வித்த தோலை வாங்க வழியுண்டா என்பதைத் தொழிலதிபர்கள் ஆராயட்டும். ஏரியின் நீர்ப்பிடிப்பில் மனை போடுவோருக்கு மஹல்லாப் பெரியோர் துணைநில்லாது இருக்கட்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு இலட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. என் மாணவர் பலர் கரை நிறைந்த பாலாற்றை வாழ்வில் முதன்முறையாகக் கண்டது அப்போதுதான். பாலத்தின்மேல் திரண்டு நின்று கைப்பேசியில் படம் பிடித்தோம். அந்நீரைத் தேக்கத் தூர்ந்த ஏரிகளுக்கு வழி எங்கே என்று அன்றே யாரேனும் வரைபடம் எடுத்துப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தமிழ்த் துறையால் ஆவதும் ஒன்றுண்டு. நம் மாணவர்கள் பேரணாம்பட்டு முதல் ஆற்காடு வரை பற்பல ஊர்களிலிருந்து வருகின்றனர். ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள ஒரு கிணற்றின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். எந்த ஆண்டுவரை குடித்தனர், எப்போது உப்பேறிற்று, இன்று எப்படி இருக்கிறது என்பவற்றை. அடுத்த ஆண்டு மலரில் அதனை அட்டவணையாக வெளியிடலாம் என்று துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். முதல் வரியை நானே எழுதித் தருகிறேன். ஊர்: ஆம்பூர். கிணறு: பாட்டனார் வீட்டுப் பின்கட்டு. ஆழம்: 40 அடி. குடித்தது: என் பள்ளிப் பருவத்தின் நடுவரை. இன்றைய நிலை: வாயைச் சிமெண்டுப் பலகையால் மூடி, அதன்மேல் காவிரி நீருக்கான பிளாஸ்டிக் தொட்டி வைக்கப்பட்டுள்ளது.